அந்த ஊருக்கு புனேர்னு பேரு சார்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் வேதாரண்யம் பக்கத்துல ஒரு கிராமம். ஷார்ஜாவுல இருபது வருசம் டிரெய்லர் ஓட்டிட்டு இப்ப ஊரோட வந்து உக்காந்துட்டேன், காலையில டீக்கடையில உங்க பேப்பரை முதல் பக்கத்துலேருந்து கடைசி வரைக்கும் படிக்கிற ஆளு. இதுவரைக்கும் எந்தப் பேப்பருக்கும் கடுதாசி போட்டதில்ல. இப்ப போடறதுக்குக் காரணம் 2025 ஆகஸ்ட் 15-ல பாகிஸ்தான்ல வந்த வெள்ளத்தைப் பத்தி நீங்க போட்ட செய்தி. அந்தப் பக்கத்தை வெட்டி பீரோவுல வச்சிருக்கேன், ரொம்ப நாளா எழுதணும் எழுதணும்னு மனசுல கிடந்து அரிச்சுகிட்டே இருக்கு.

அதுல "ஆப்கன் எல்லையை ஒட்டிய தீவிரவாதிகள் ஆதிக்கம் மிகுந்த பழங்குடி பகுதியில் வெள்ளம்"னு போட்டிருந்தீங்க. கீழ ஒரு போட்டோ, தோள்ல துப்பாக்கி மாட்டிகிட்டு ஒரு ஆளு பாறை மேல நிக்கிறாரு. வெள்ளத்துக்கும் அந்தத் துப்பாக்கிக்காரருக்கும் என்ன சார் சம்பந்தம்? செய்தி முழுக்க ரெண்டு தடவ தேடிப் பாத்தேன், ஊர் பேரு ஒரு இடத்துலகூட இல்ல.

அந்த ஊருக்கு புனேர்னு பேரு சார். அது மாவட்டம். ஆப்கன் எல்லையை அது தொடவே இல்ல, சுத்தி ஸ்வாத், ஷாங்லா, மலாகண்ட், மர்தான், ஸ்வாபி இப்படி மாவட்டங்கதான் இருக்கு, நடுவுல கிண்ணம் மாதிரி உக்காந்திருக்கிற ஊரு. பழங்குடி ஏஜென்சின்னு தனிச் சட்டத்துல வச்சிருந்த பகுதியாவும் அது என்னைக்குமே இருந்ததில்ல, 1969 வரைக்கும் ஸ்வாத் சமஸ்தானத்துல இருந்துச்சு. அந்த ஒரு நாள் மேகவெடிப்புல புனேர்ல மட்டும் 200 பேருக்கு மேல செத்தாங்க. மலையிலேருந்து தண்ணி மட்டும் வரல, வீடு பெருசு பாறைங்க உருண்டு வந்து பேஷோனைங்கிற ஒரு கிராமத்தையே அடிச்சுகிட்டு போயிருச்சு. பீர் பாபான்னு ஒரு ஊரு, அங்க ஒரு பெரிய தர்கா இருக்கு, நம்ம நாகூர் மாதிரி எங்கெங்கேருந்தோ ஜனங்க வரும், அந்தக் கடைத்தெரு முழுக்க சேறு. அந்த ஊர்ல சீக்கியக் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையா இருக்காங்க, வீட்டுல பேசறது பட்டாணிங்க பாஷையான பஷ்தோதான். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா என் ரூம்ல கடைசி ஆறு வருசம் எனக்கு மேல் கட்டில்ல படுத்திருந்த பையன் புனேர்காரன். அந்த ஊரு மலையில வெட்டுறது மார்பிள் கல்லு, அவங்க அப்பா கல்லு அறுக்கிற பட்டறையில வேலை, வீட்டுக்கு வந்தா தாடி புருவம் எல்லாம் மாவு அப்பின மாதிரி வெள்ளையா இருக்கும், சின்ன வயசுல அப்பாவுக்கு வயசாயிருச்சுன்னு நினைச்சு அழுதிருக்கேன் பாய்னு சொல்லுவான்.

எங்க ரூம்ல ஆறு பேர், நான் ஒருத்தன்தான் தமிழ் ஆளு, மத்த அஞ்சு பேரும் பட்டாணிங்க. வேலைக்குப் போன முதல் நாள் எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு, மறைக்கல. நம்ம ஊர்ல கடன் கேட்டு வாசல்ல வந்து நிக்கிறவனை ஈட்டிக்காரன் மாதிரி நிக்கிறான்னு சொல்றோம்ல, அந்த ஈட்டிக்காரன் அந்தக் காலத்துல வட்டிக்குக் கொடுத்த பட்டாணியன்தான். அந்தப் பேச்சைக் கேட்டு வளந்த எனக்கு அவங்க எல்லாரும் ஒரே அச்சுல வாத்த ஆளுங்க மாதிரிதான் தெரிஞ்சாங்க. ஒரு மாசத்துல அது போயிருச்சு. ஏன்னா அந்த ரூம்ல யாரும் யாரையும் பேரைச் சொல்லிக் கூப்பிடறதில்ல, மர்தான், பன்னூ, ஷாங்லான்னு ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க, நான் மதராஸி. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு குணம் இருக்குன்னு அவங்களே சொல்லிச் சொல்லி கிண்டல் பண்ணிக்குவாங்க, நம்ம தஞ்சாவூர்காரன் கோயமுத்தூர்காரன்னு பேசிக்கிற மாதிரியே.

மர்தான்காரர்தான் மூத்தவர், அவரை எல்லாரும் லாலான்னு சொல்லுவோம், அவங்க பேச்சுல அது அண்ணன். மர்தான், சார்சத்தா பக்கம் எல்லாம் சமவெளி, வாய்க்கால் பாசனம், கரும்பும் புகையிலையும்தான். ஒரு காலத்துல ஆசியாவுலயே பெரிய சர்க்கரை ஆலைகள்ல ஒண்ணுன்னு மர்தான் ஆலைக்குப் பேரு. லாலா லீவு முடிஞ்சு வரும்போதெல்லாம் வெல்லம் கொண்டு வருவாரு, நம்ம ஊர் மாதிரியே தோட்டத்துலயே கரும்பைப் பிழிஞ்சு பெரிய கொப்பரையில காய்ச்சி எடுக்கிறது, ஆனா அவங்க அதுக்குள்ள வாதுமை, நிலக்கடலை எல்லாம் போட்டு உருட்டிடுவாங்க. அதைக் கடிச்சுகிட்டு பச்சைத் தேயிலையில ஏலக்காய் தட்டிப் போட்ட கஹ்வா குடிப்பாரு. நான் முதல் தடவ அந்த வெல்லத்தை மோந்து பாத்துட்டு எங்க ஊர்லயும் இப்படித்தான் வாசம் அடிக்கும்னு சொன்னேன், அவரு நம்பவே இல்ல, அடுத்த லீவுல நான் போய் நம்ம அச்சு வெல்லம் கொண்டாந்து கையில குடுத்தப்புறம்தான் நம்பினாரு.

லாலா ஊருக்குப் பக்கத்துல ஷாபாஸ் கடின்னு ஒரு கிராமம். அங்க பாறையில அசோகர் கல்வெட்டு இருக்கு, பதினாலு கட்டளையும் கரோஷ்டி எழுத்துல, வலமிருந்து இடமா எழுதற எழுத்து அது. அதுல ரெண்டாவது கட்டளையில மனுசனுக்கும் ஆடு மாட்டுக்கும் வைத்தியம் செஞ்சு வச்ச நாடுங்க வரிசையா வரும், அந்த வரிசையில சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர்னு நம்ம ஆளுங்க பேரு இருக்கு சார். நானே இதை ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுகிட்டேன், என் பொண்ணு காலேஜ்ல வரலாறு படிச்சப்ப போன்ல சொன்னா. அன்னைக்கு ராத்திரி லாலாகிட்ட சொன்னேன். அவரு அந்தக் கல்லு மேல ஏறி விளையாடி வளந்தவரு, அதுல என்ன எழுதியிருக்குன்னு அவருக்கும் அதுவரைக்கும் தெரியாது. உடனே ஊருக்குப் போன் போட்டு தம்பி மகனை அங்க போகச் சொல்லி வீடியோ கால்ல காட்டச் சொன்னாரு. கரடுமுரடா ஒரு பெரிய கல்லு, எழுத்து பாதி தேஞ்சு போயி, வெயில்ல அந்தப் பையன் விரலை வச்சு வச்சுக் காட்டறான். எங்க ரெண்டு பேருக்கும் அந்த எழுத்து ஒண்ணுகூடப் படிக்கத் தெரியாது, ஆனா ரொம்ப நேரம் பாத்துகிட்டே இருந்தோம். அதே மாவட்டத்துல தக்த்-இ-பாஹின்னு மலை மேல ஒரு பழைய பௌத்த மடம் இருக்கு, யுனெஸ்கோ 1980-லயே பட்டியல்ல சேத்திருக்கு. மலை அடிவாரத்து பஜார் இன்னைக்கு சப்ளி கபாப்புக்குப் பேரு போனது.

சார்சத்தா பக்கத்து உத்மான்சைதான் நாம பள்ளிக்கூடத்துல படிச்ச எல்லை காந்தி கான் அப்துல் கஃபார் கானோட ஊரு. அங்க அவரை பாச்சா கான்னு சொல்றாங்க. அவரைக் கைது பண்ணினதைக் கேட்டு ஜனங்க திரண்டப்ப பெஷாவர் கிஸ்ஸா குவானி பஜார்ல வெள்ளைக்காரன் படை சுட்டுத் தள்ளுச்சு, அது 1930 ஏப்ரல் 23. கையில ஆயுதம் இல்லாத கூட்டத்தைச் சுட மாட்டோம்னு அந்தப் படையில இருந்த கார்வாலி சிப்பாய்ங்க மறுத்ததும் அங்கதான். எங்க ஊருக்கு ராஜாஜி திருச்சியிலேருந்து நடந்து வந்து உப்பு அள்ளினது அதே 1930 ஏப்ரல் 30. ஒரே வாரம் சார். எங்க தாத்தா அந்தக் கூட்டத்துக்குத் தண்ணி குடுத்ததா எங்க வீட்டுல சொல்லுவாங்க, லாலா வீட்டுல பெஷாவர்ல செத்த சொந்தக்காரரைப் பத்திச் சொல்லுவாங்களாம். இந்த ரெண்டு கதையையும் ஒரே ரூம்ல உக்காந்து பேசியிருக்கோம்.

பெஷாவர் நகரத்துக்குள்ள பழைய தெருவுல பொறந்தவங்க பாஷையே வேற, ஹிந்த்கோ. நடிகர் திலீப் குமார் அந்தத் தெருக்காரருதான். தெக்க தேரா இஸ்மாயில் கான் போனா சராய்கி பேசுவாங்க, பேரீச்சம்பழமும் சோஹன் அல்வாவும்தான் அங்க. பஷ்தோன்னு சொன்னாலும் ஒரே மாதிரி இல்ல, மர்தான் பெஷாவர் பக்கம் பக்தோம்பாங்க, கந்தஹார் பக்கம் பஷ்தோம்பாங்க, வசீரிஸ்தான்காரன் வேகமாப் பேசினா லாலாவே ரெண்டு தடவ திருப்பிச் சொல்லச் சொல்லுவாரு, நாகர்கோவில்காரர் பேசினா எனக்கு ஆகுமே அது மாதிரி. இதையெல்லாம் நீங்க ஒரே வார்த்தையில பழங்குடின்னு முடிச்சுடறீங்க.

முக்கியமா ரெண்டு விசயம் சொல்லணும், அதுக்குத்தான் இந்தக் கடுதாசியே.

2009-ல ஸ்வாத்ல ராணுவம் இறங்கினப்ப இருபது லட்சம் ஜனத்துக்கு மேல வீட்டை விட்டு வெளியேறுச்சு, நம்ம புனேர்ல இருந்தும்தான். எங்க போச்சு அவ்வளவு ஜனம்? கேம்ப்புல இருந்தது கொஞ்சம் பேருதான், பெரும்பாலானவங்க மர்தான்லயும் ஸ்வாபியிலயும் வீடு வீடா தங்கினாங்க. தெரிஞ்சவன் தெரியாதவன்னு பாக்காம ஹுஜ்ராவைத் திறந்து விட்டாங்க. ஹுஜ்ரான்னா அவங்க ஊர்ல வீட்டு முன்னாடி விருந்தாளிக்குன்னே கட்டி வச்சிருக்கிற இடம், கயித்துக் கட்டிலு போட்டிருக்கும், ராத்திரி ரபாப் வாசிப்பாங்க, அதுகூட மண்பானையை நம்ம கடம் மாதிரி தட்டுவாங்க. லாலா வீட்டுல மூணு குடும்பம் மூணு மாசம் இருந்துச்சு. அந்த மூணு மாசமும் லாலா சம்பளம் வந்த அன்னைக்கே மொத்தத்தையும் அனுப்பிட்டு எங்ககிட்ட சாப்பிட்டாரு. கோதுமை மாவு வாங்கணும், குழந்தைங்க நிறைய இருக்குன்னுதான் சொன்னாரு, எத்தனை பேருன்னுகூட சொல்லல.

2014 ஜூன்ல வட வசீரிஸ்தான்ல ராணுவ ஆபரேஷன் ஆரம்பிச்சப்பவும் அதே கதை. எங்க ரூம்ல ஒருத்தன் அந்த வட வசீரிஸ்தான் மீரலிக்காரன், இன்னொருத்தரு பன்னூக்காரர், எங்களுக்கெல்லாம் சமைக்கிறவரு. வெள்ளிக்கிழமைன்னா பெய்ந்தா பண்ணுவாரு, பெரிய தட்டுல ரொட்டியைப் பிச்சுப் போட்டு மேல கோழிக் குழம்பை ஊத்தி ஊறவச்சு ஆறு பேரும் ஒரே தட்டுல கை வச்சு சாப்பிடறது. மீரலிக்காரனுக்கு ரெண்டு நாளா வீட்டு ஆளுங்க போன் கிடைக்கல. அங்க டவரெல்லாம் கட். மூணாவது நாள் ராத்திரி ஒரு மணிக்கு யாரோ லாரி டிரைவர் நம்பர்லேருந்து அவன் தம்பி பேசினான், சைத்கி செக்போஸ்ட்ல வரிசையில நிக்கிறோம், அம்மாவுக்கு முடியல, பன்னூவுல யாரையும் தெரியாதுன்னு. அந்த ஜூன் மாச வெயிலு அந்த மண்ணுல எப்படி இருக்கும்னு வளைகுடாவுல இருந்தவங்களுக்குத்தான் தெரியும். பன்னூக்காரர் படுக்கையிலேருந்து எந்திரிச்சு ஒரு வார்த்தை பேசாம அவன் கையிலேருந்த போனை வாங்கினாரு, தன் வீட்டு அடையாளம் சொன்னாரு, அப்புறம் தன் போனை எடுத்து வீட்டுக்கு அடிச்சு, உள் ரூம் ரெண்டையும் காலி பண்ணுங்க, பொம்பளைங்க வராங்கன்னு அம்மாகிட்ட சொன்னாரு. அவ்வளவுதான். திருப்பிப் படுத்துட்டாரு. மீரலிக்காரன் கட்டில்ல உக்காந்து அழுதான், லாலா அவன் தலையைப் புடிச்சுகிட்டு இருந்தாரு. அந்தக் குடும்பம் பன்னூ வீட்டுல ஒண்ணரை வருசம் இருந்துச்சு சார், பதினோரு பேரு. வட வசீரிஸ்தான்லேருந்து வந்த கிட்டத்தட்ட பத்து லட்சம் பேர்ல பெரும்பாலானவங்களுக்கு பன்னூவும் அதைச் சுத்தியிருக்கிற ஊருங்களும்தான் இடம் குடுத்துச்சு. நம்ம பேப்பர்ல பன்னூன்னு எத்தனை தடவ வந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, எல்லாம் குண்டு வெடிச்ச செய்தியாத்தான் இருக்கும். குண்டு வெடிக்கிறது உண்மை, போடாதீங்கன்னு சொல்லல. ஆனா அந்த ஊரு அத்தனை லட்சம் பேருக்குக் கதவைத் திறந்தப்பவும் போட்டிருக்கணும்ல.

ஷாங்லாக்காரனைப் பத்தி ஒரு வரி. அந்த மலை மாவட்டத்துல நிலமும் கம்மி வேலையும் இல்ல, அதனால ஆம்பளைங்க பலுசிஸ்தான் வரைக்கும் போய் நிலக்கரிச் சுரங்கத்துல இறங்குறாங்க. வாயு வெடிச்சோ மண்ணு சரிஞ்சோ சுரங்கத்துல சாவு விழுந்தா அந்தப் பட்டியல்ல ஷாங்லா பேரு இல்லாம இருக்காது. அவன் அண்ணன் தர்ரா ஆதம் கேல்ல சுரங்கத்துல இருந்தான். தர்ரான்னாலே எல்லாரும் துப்பாக்கி செய்யற ஊருன்னு படம் போடுறாங்க, நூறு வருசத்துக்கு மேல கைப்பட்டறையில துப்பாக்கி செய்யறது நிஜம்தான், ஆனா அந்த மலைக்கு அடியில ஷாங்லா பையனுங்க முகம் கருத்துப் போயி கரி வெட்டறதும் நிஜம். அதே ரோட்டுல இன்னும் கொஞ்சம் தெக்க போனா கோஹாட், அங்க கொய்யாப்பழத்துக்குத்தான் பேரு.

குர்ரம் மாவட்டத்துல பாராசினார்னு பனிமலை அடிவாரத்துல ஒரு ஊரு, துரி ஜனங்க, ஷியாக்காரங்க. அந்த ஊருக்கு வெளிய போக இருக்கிறது ஒரே ரோடு, 2024 நவம்பர்ல வண்டிங்க மேல சுட்டு நாப்பது பேருக்கு மேல செத்தப்புறம் அந்த ரோடு மாசக்கணக்கா மூடிக் கிடந்து மருந்து இல்லாம ஜனம் தவிச்சுச்சு. இது புனேர் கதையும் இல்ல, பன்னூ கதையும் இல்ல, நிலத் தகராறும் மதப் பிரிவும் பல வருசமாச் சேந்து வந்தது. ஊர் பேரு போடலன்னா படிக்கிறவனுக்கு இது எப்படிப் புரியும்?

இன்னொண்ணு, நீங்க இன்னும் சில சமயம் "வடமேற்கு எல்லை மாகாணம்"னே எழுதறீங்க. 2010-லயே அது கைபர் பக்துன்க்வான்னு மாறிருச்சு. ஏழு பழங்குடி ஏஜென்சியும் 2018-ல அந்த மாகாணத்தோட சேந்து மாவட்டமா ஆயிருச்சு. அதுக்கு முன்னாடி அங்க இருந்தது வெள்ளைக்காரன் 1901-ல போட்ட சட்டம், ஒருத்தன் தப்பு பண்ணினா அவன் கூட்டத்தையே புடிச்சு உள்ள வைக்கலாம், வீட்டை இடிக்கலாம். மீரலிக்காரன் சொல்லுவான், எங்க சித்தப்பா செய்யாத தப்புக்கு நாலு மாசம் உள்ள இருந்தாரு, தப்பு பண்ணினவன் யாருன்னே அவருக்குத் தெரியாதுன்னு. அந்தச் சட்டம் போயிருச்சு, ஆனா ஊர் பேரைச் சொல்லாம மொத்தமா தீவிரவாதிப் பகுதின்னு எழுதினா அதே வேலையைத்தான் நாமளும் செய்யறோம்னு எனக்குத் தோணுது. கோவிச்சுக்காதீங்க.

எனக்கு இது இவ்வளவு வலிக்கிறதுக்குக் காரணம் இருக்கு. 2018 நவம்பர் 16 கஜா புயல்ல எங்க ஊர்ல ஒரு தென்னை மிச்சம் இல்ல, எங்க வீட்டு ஓடு ஒண்ணு மிச்சம் இல்ல. நான் ஷார்ஜாவுல. ரெண்டு நாளா வீட்டுக்குப் போன் போகல. அங்க பேப்பரைப் புரட்டினா "தென்னிந்தியாவில் புயல்"னு நாலு வரி, வேதாரண்யம்னு ஒரு எழுத்து இல்ல. அந்தப் பேப்பரை வச்சுகிட்டு உக்காந்திருந்தேன். லாலா பக்கத்துல வந்து உக்காந்து, உன் ஊர் பேரு என்ன, மதராஸ் இல்ல, உன் சொந்த ஊரு, சொல்லுன்னாரு. சொன்னேன். அவரு வாயில நுழையல, மூணு தடவ சொல்லிச் சொல்லிப் பாத்து கடைசியில "வேதாரண்" வரைக்கும் வந்துச்சு. மறுநாள் கம்பெனி யார்டுல மொத்த பட்டாணிங்ககிட்டயும் போய் அந்தப் பேரைச் சொல்லித்தான் காசு கேட்டாரு, மதராஸி வீடு விழுந்துருச்சுன்னு சொல்லல, வேதாரண்ல வீடு விழுந்துருச்சுன்னு சொன்னாரு. என் வீட்டு ஓட்டுக்குப் பாதிக் காசு பன்னூ, மர்தான், ஷாங்லா, மீரலி, புனேர்லேருந்து வந்தது. வேலை முடிஞ்சு ரூமுக்குள்ள யார் நுழைஞ்சாலும் அவங்க "ஸ்தடே மஷே"ம்பாங்க, நீ களைச்சுப் போகாம இருன்னு அர்த்தம், பதிலுக்கு "க்வார் மஷே" சொல்லணும், நீ ஏழையாப் போகாம இருன்னு. அந்த வாரம் முழுக்க நான் உள்ள வரும்போதெல்லாம் அஞ்சு பேரும் எந்திரிச்சு நின்னு சொன்னாங்க.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. அந்தப் பக்கத்துச் செய்தி வரும்போது ஊர் பேரையும் மாவட்டப் பேரையும் போடுங்க. அந்த ஊர்ல என்ன விளையுது, என்ன வேலை செய்யறாங்கன்னு ஒரு வரி சேக்க முடிஞ்சா சேருங்க. பழைய துப்பாக்கிக்காரர் போட்டோவை வெள்ளத்துக்கும் பூகம்பத்துக்கும் போடாதீங்க.

வெள்ளம் வந்த மறுநாள் புனேர் பையனுக்கு வாட்ஸ்அப்ல வாய்ஸ் அனுப்பினேன். அப்பா அம்மா தப்பிச்சுட்டாங்க, பெரியப்பா வீட்டுல நாலு பேரு இல்ல, மார்பிள் பட்டறை இருந்த இடத்துல இப்ப ஆறு ஓடுதுன்னு பதில் வந்துச்சு. எங்க ஊர்ல உங்களைப் பத்தி பேப்பர்ல வந்திருக்குன்னு ஆறுதலா இருக்கட்டுமேன்னு செய்தியை முழுசாப் படிக்காம அவசரப்பட்டு உங்க பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பிட்டேன். போட்டோவுக்குக் கீழ என்ன எழுதியிருக்கு பாய், எங்க ஊர் பேரு இதுல எங்க இருக்குன்னு கேட்டிருக்கான். இன்னும் நான் பதில் போடல.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.